முகமும் அதன் கீழே ஒரு வரியும்

ஒரு மனிதரின் முகத்துக்குக் கீழே அச்சாகும் ஒற்றை வரி, அந்த முகத்தை வாசகர் பார்க்கும் விதத்தையே மாற்றிவிட வல்லது என்பதைப் பத்திரிகை ஆசிரியபீடத்தில் ஒரு வாரம் இருந்தவர் கூட அறிவார். அதே முகம், அதே பார்வை. கீழே 'சந்தேகநபர்' என்று இருந்தால் கண்கள் கொடூரமாகத் தெரியும். 'பாதிக்கப்பட்டவர்' என்று இருந்தால் அதே கண்களில் துயரம் தெரியும். அந்த வரியை எழுதும் உரிமை யாருக்கு உரியது என்ற கேள்வியை, புகைப்படக்கலை மாணவர் ஒருவர் 1977ஆம் ஆண்டில் மிகவும் எளிமையான ஒரு வழியில் எழுப்பினார்.

அவரது பெயர் ஜிம் கோல்ட்பேர்க். 1953ஆம் ஆண்டு அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள நியூ ஹேவன் நகரில் பிறந்தவர். சான் பிரான்சிஸ்கோ கலை நிறுவகத்தில் பயின்று 1979இல் முதுகலைப் பட்டம் பெற்றவர். 2022ஆம் ஆண்டு தனது பட்டப்படிப்புகளை நிறுத்திக்கொண்ட அந்த நிறுவகத்தின் புகைப்படத்துறையை 1940களின் நடுப்பகுதியில் தொடக்கிவைத்தவர், மலைகளையும் பள்ளத்தாக்குகளையும் கறுப்பு வெள்ளையில் படம்பிடித்துப் புகழ்பெற்ற அன்செல் அடம்ஸ். கோல்ட்பேர்க் மலைகளின் பக்கம் போகவில்லை. வேலையற்றோரும் முதியோரும் வார வாடகைக்கு அறை எடுத்துத் தங்கியிருந்த மலிவு விடுதிகளுக்குப் போனார். அங்கிருந்தவர்களை அவர்களது அறைகளிலேயே படம்பிடித்தார். இருட்டறையில் படத்தைச் சுற்றி வெள்ளை ஓரம் விட்டுப் பிரதி எடுத்தார். பின்னர் அந்தப் பிரதியுடன் அதே அறைக்குத் திரும்பிச் சென்று, படத்தில் இருப்பவரிடம் பேனாவைக் கொடுத்து, இதைப் பார்க்கும்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அதை இதிலேயே எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

அவர்கள் எழுதினார்கள். எழுத்துப் பிழையுடனும், கோணிப்போன வரிகளுடனும், சிலர் மிகவும் அழகான கையெழுத்திலும் எழுதினார்கள். அந்தக் கையெழுத்துடனேயே படங்கள் காட்சிக்கு வந்தன. இதில் என்ன பெரிய புதுமை என்று இன்றைய இளைஞர் ஒருவர் கேட்கலாம். கைத்தொலைபேசியில் எந்தப் படத்தின் மீதும் எதையும் எழுதிவிட முடிகின்ற காலத்தில் அந்தக் கேள்வி நியாயமானதே. பதில் சொல்வதற்கு நூறு வருடங்களுக்கு மேல் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கிய பின்னர், தாம் ஆளும் மக்கள் யார் என்பதை அறிந்துகொள்ளும் அவசரம் பிரித்தானிய அதிகாரிகளுக்கு ஏற்பட்டது. அதன் விளைவுகளில் ஒன்றுதான் ஜோன் போர்ப்ஸ் வொட்சனும் ஜோன் வில்லியம் கேயும் பதிப்பித்து, 1868ஆம் ஆண்டு முதல் 1875ஆம் ஆண்டு வரை லண்டனில் எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த 'இந்தியாவின் மக்கள்' என்ற நூல். ஏறத்தாழ 470 புகைப்படங்கள். ஒவ்வொன்றுடனும் அச்சிடப்பட்ட விளக்கம்: இது இன்ன சாதி, இன்ன குலம், இவர்களது தொழில் இது, குணம் இது, நம்பத்தகுந்தவர்கள், நம்பத்தகாதவர்கள் என்றெல்லாம். கமராவுக்கு முன்னால் அமர்ந்திருந்த மனிதர் தமது முகத்தைக் கொடுத்தார். அவரது குணத்தை வேறொருவர் எழுதினார். தம்மைப் பற்றி எழுதப்பட்டதை அவர்களில் பெரும்பாலானோர் ஒருபோதும் பார்த்திருக்கப் போவதில்லை.

ஆனால் பார்த்த இந்தியர் ஒருவர் இருந்தார். பிற்காலத்தில் அலிகார் கல்லூரியை நிறுவிய சேர் செய்யத் அஹமட் கான் 1869ஆம் ஆண்டு லண்டனுக்குச் சென்றிருந்தபோது, இந்திய அலுவலகத்தில் அந்த நூலைக் காண நேர்ந்தது. அங்கே அதைப் புரட்டிக்கொண்டிருந்த கானின் மகனைப் பார்த்து, ஆங்கில இளைஞன் ஒருவன் நீங்களும் இந்துஸ்தானியரா என்று கேட்டிருக்கிறான். ஆம் என்று சொன்ன மகனின் முகம் சிவந்துவிட்டது. தான் அந்நாட்டின் ஆதிக்குடிகளைச் சேர்ந்தவன் அல்லன், தனது முன்னோர் வேறொரு தேசத்திலிருந்து வந்தவர்கள் என்று அவசரமாக விளக்கமளித்தார். தந்தை இதைத் தமது கடிதத்தில் மனவேதனையுடன் பதிவுசெய்திருக்கிறார். அந்தச் சம்பவத்தில் நான் கவனிப்பது அந்த அவமானத்தை மாத்திரமல்ல. நூலின் எழுத்து எவ்வளவு வேகமாக வேலை செய்திருக்கிறது என்பதையும் கவனிக்கிறேன். படங்களுக்குக் கீழே இருந்த வகைப்படுத்தல் பொய் என்று மகன் சொல்லவில்லை. நான் அந்த வகையைச் சேர்ந்தவன் அல்லன் என்றுதான் சொன்னார்.

அடுத்து 1930களின் அமெரிக்கா. பொருளாதாரப் பெருமந்தம் தென் மாநிலங்களின் குத்தகை விவசாயிகளை வீதிக்குத் தள்ளியிருந்த காலம். நாவலாசிரியர் எர்ஸ்கின் கால்ட்வெல்லும் புகைப்படக் கலைஞர் மார்கரெட் பேர்க்-வைட்டும் அந்த மக்களிடையே பயணம்செய்து 1937ஆம் ஆண்டு ஒரு நூலை வெளியிட்டார்கள். இராட்டையின் அருகே அமர்ந்திருக்கும் காந்தியின் படத்தை 1946ஆம் ஆண்டில் எடுத்தவர் இதே பேர்க்-வைட்தான் என்றால் எமது வாசகர்களுக்கு அவரை நினைவுக்குக் கொண்டுவருவது சுலபம். அந்த நூலில் ஒவ்வொரு படத்தின் கீழும் படத்திலுள்ளவரே பேசுவதைப் போன்று ஒரு வாசகம் இருந்தது. வாசகர்கள் உருகிப்போனார்கள், நூல் நன்றாக விற்பனையானது. ஆனால் அந்த வாசகங்களை எந்த விவசாயியும் சொல்லவில்லை. படத்திலிருப்போரின் மனவுணர்வுகள் குறித்துத் தாங்கள் கொண்ட கருத்தையே எழுதியிருப்பதாக நூலாசிரியர்கள் முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். மறைக்கவில்லை என்பதற்காக அவர்களைப் பாராட்டலாம். என்றாலும், பசித்திருக்கும் ஒருவரின் வாயில் சோற்றுக்குப் பதிலாகச் சொல்லை வைப்பது எனக்கு ஒப்பான காரியமல்ல.

அது டொரொதியா லாங்குக்கும் ஒப்பவில்லை. அவரும் அவரது கணவரான பொருளியல் பேராசிரியர் போல் ரெய்லரும் 1939இல் வெளியிட்ட நூலின் முன்னுரையில், படங்களுடன் வரும் கூற்றுகள் படத்திலுள்ளவர்கள் சொன்னவையே அன்றி, அவர்கள் நினைத்திருக்கக்கூடும் என்று நாங்கள் எண்ணியவை அல்ல என்ற கருத்தை அழுத்தமாகக் கூறினார்கள். யாருக்கு அந்த உறை என்பது அன்றைய வாசகர்களுக்கு விளங்கியிருக்கும். வீதியோரத்தில் மக்கள் பேசுவதை மனதில் இருத்திக்கொண்டு, வண்டிக்குத் திரும்பியவுடன் குறிப்பேட்டில் எழுதிவைப்பது லாங்கின் வழக்கம். நல்ல நிருபரின் பழக்கம் அது.

இத்தகைய லாங்கின் புகழ்பெற்ற படத்துக்குத்தான் அந்த விதி கைகொடுக்காமல் போனது என்பது விசித்திரம். 1936ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் நிபோமோ என்ற இடத்தில், பட்டாணி பறிக்கும் தொழிலாளரின் முகாமில், பிள்ளைகளுடன் கூடாரத்தில் இருந்த தாய் ஒருவரை அவர் படம்பிடித்தார். 'புலம்பெயர்ந்த தாய்' என்று உலகம் அறியும் படம் அது. அந்தப் பெண்ணின் பெயரையோ வரலாற்றையோ தாம் கேட்கவில்லை என்று லாங் 1960இல் எழுதினார். குடும்பத்தினர் உணவுக்காகக் காரின் டயர்களை விற்றுவிட்டதாக அவர் அதே கட்டுரையில் எழுதியிருந்ததைக் குடும்பத்தினர் பின்னர் மறுத்தார்கள். படமும் அப்படியே விடப்படவில்லை. கூடாரக் கம்பத்தைப் பிடித்திருந்த ஒரு பெருவிரல் படத்தின் முன்பகுதியில் தெரிந்தது. அது கண்ணை உறுத்துகிறது என்று லாங் நெகட்டிவில் அதை அழிக்கச்செய்தார். படம் சான் பிரான்சிஸ்கோவின் நாளேட்டில் வெளியானதும் முகாமுக்குப் பெருமளவு உணவு அனுப்பிவைக்கப்பட்டது. அதற்குள் அந்தத் தாயும் பிள்ளைகளும் அங்கிருந்து போய்விட்டார்கள்.

அவரது பெயர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்ஸன் என்பது வெளியுலகுக்குத் தெரியவந்தது 1978ஆம் ஆண்டில். கலிபோர்னியாவின் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றின் மூலமாகத்தான். அப்போது அவர் எழுபதுகளின் நடுப்பகுதியில் இருந்தார். செரோக்கி பழங்குடி வழிவந்தவர் என்பதும் அதன் பின்னரே பரவலாகத் தெரிந்தது. அந்தப் படத்தினால் தமக்குச் சல்லிக்காசும் கிடைக்கவில்லை, தமது பெயரைக் கூட லாங் கேட்கவில்லை என்று அவர் கோபத்துடன் கூறினார். 1983இல் அவர் இறந்தபோது கல்லறையில் அவரது பெயருடன் 'புலம்பெயர்ந்த தாய்' என்ற தலைப்பும், அமெரிக்கத் தாய்மையின் வலிமையைப் போற்றும் ஒரு வரியும் பொறிக்கப்பட்டன. எந்தத் தலைப்பைப் பற்றி அவர் ஆத்திரப்பட்டாரோ அதுவே அவரது தலைமாட்டுக்கும் வந்துசேர்ந்தது.

1941இல் வோக்கர் எவன்ஸும் ஜேம்ஸ் ஏஜியும் வேறொரு வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்று குத்தகை விவசாயக் குடும்பங்கள் பற்றிய அவர்களது நூலில் எவன்ஸின் படங்கள் முன்பகுதியில், ஒரு படக்குறிப்பும் இல்லாமல் நிற்கின்றன. ஏஜியின் எழுத்து பின்னர் தனியாக வருகின்றது. முகத்தின் மீது கைவைக்காதே என்று எழுத்துக்குக் கட்டளையிட்டதைப் போன்ற ஏற்பாடு. நேர்மையான ஏற்பாடுதான். ஆனால் படத்திலிருப்பவர் இப்போதும் பேசவில்லை.

இத்தனைக்கும் பிறகுதான் கோல்ட்பேர்க் பேனாவுடன் அந்த விடுதிகளின் படிகளில் ஏறினார். லாங் ஒரு காலத்தில் கற்பித்த அதே துறையின் மாணவர் அவர் என்பதையும் குறிப்பிட்டாக வேண்டும்.

விடுதிகளில் தொடங்கிய வேலையை அவர் நகரின் செல்வந்தர் இல்லங்களுக்கும் கொண்டுசென்றார். 1985ஆம் ஆண்டு 'செல்வந்தரும் ஏழைகளும்' என்ற பொருள்படும் தலைப்புடன் நூல் வெளியானது. அதற்கு முந்தைய வருடமே நியூயோர்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் ரொபேர்ட் அடம்ஸ், ஜோயல் ஸ்டேர்ன்பெல்ட் ஆகியோரின் படங்களுடன் அவரது படங்களையும் காட்சிப்படுத்தியிருந்தது.

அந்நூலின் இரண்டு படங்கள் பற்றிச் சொல்கிறேன். ஒன்று, வசதியான வீட்டின் சமையலறை. எசமானி முன்னால் நிற்கிறார். சீருடை அணிந்த பணிப்பெண் பின்னால். எழுதியிருப்பவர் பணிப்பெண். ஆசிரியை ஆகவேண்டும் என்று கனவு கண்டதாகவும், தமக்குத் திறமை இருந்தும் வாய்ப்பு இருக்கவில்லை என்றும், நாற்பது வருடங்களாகப் பணிப்பெண்ணாக இருப்பதாகவும், எசமானிக்குப் பின்னால் நிற்பது பழகிப்போய்விட்டதாகவும் எழுதியிருக்கிறார். அதை வாசித்த பிறகு மீண்டும் படத்தைப் பார்த்தால், அவர் நிற்கும் இடமே ஒரு வாக்குமூலமாகிவிடுகிறது. புகைப்படக் கலைஞர் அமைத்த காட்சியைப் படத்தில் பின்னால் இருந்தவரே வாசித்துக் காட்டிவிட்டார்.

மற்றையது, முதிய செல்வந்தத் தம்பதியர். கணவர், மனைவி ஏற்றுக்கொள்ளத்தக்கவர் என்றும் உறவு திருப்திகரமானது என்றும் இரண்டு சிறிய வாக்கியங்களை எழுதியிருக்கிறார். வங்கி முகாமையாளர் ஒருவர் கடன் விண்ணப்பத்தில் எழுதும் குறிப்பைப் போன்றது. மனைவியோ அதே படத்தில், கணவரின் கம்பீரத்தைப் புகழ்ந்து, அவர் அன்பை வெளிக்காட்டாதவர் என்றாலும் அதனால் தாம் வருந்தியதில்லை என்று நீண்டு எழுதியிருக்கிறார். ஐம்பது பக்கச் சிறுகதை ஒன்று இரண்டு கையெழுத்துகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தில் கிடக்கிறது. எந்த உதவி ஆசிரியராலும் அப்படியொரு படக்குறிப்பை எழுத முடியாது.

இந்த இடத்தில் தொழில் சார்ந்த ஒரு விடயத்தைச் சொல்லவேண்டியிருக்கிறது. எமது பத்திரிகைகளில் ஈய எழுத்துகளை அடுக்கி அச்சிட்ட காலத்தில் படம் வேறு, எழுத்து வேறு. படம் புளொக்காக வரும். படக்குறிப்பை அச்சுக் கோப்பாளர் தனியாகக் கோர்ப்பார். இரண்டையும் பக்கத்தில் இணைப்பவர் படத்திலுள்ளவரைக் கண்டிருக்கமாட்டார். படக்குறிப்பை எழுதியவரும் பெரும்பாலும் கண்டிருக்கமாட்டார். பிறகு ஒப்புநோக்குநர் பிழைகளைக் களைவார். அமைச்சரின் கூற்றும் மீன் விற்கும் பெண்ணின் கூற்றும் ஒரே அளவு எழுத்தில், ஒரே இலக்கண சுத்தத்துடன் அச்சாகும். அதைச் சமத்துவம் என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம். ஒரு வகையில் அது உண்மையும் கூட. ஆனால் கையெழுத்தில் உள்ள நடுக்கம், பாடசாலையை இடைநிறுத்திய வயது, எழுதிய பின் வெட்டிவிட்ட சொல் ஆகியவை எல்லாம் அதில் கழுவுண்டு போய்விடுகின்றன. கோல்ட்பேர்க் ஒப்புநோக்குநரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அவரது படங்களில் கையெழுத்து இரண்டாவது முகம்.

இன்னொன்றையும் அவர் இழக்கச் சம்மதித்தார். எழுத்து பிரதியின் மீதே இருப்பதால் அதைச் சுருக்க முடியாது. ஒரு வாக்கியத்தை வெட்டினால் படமே வெட்டுப்படும். முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம், அல்லது முழுவதையும் விட்டுவிடலாம். பத்திரிகை ஆசிரியரின் கத்தரிக்கோலுக்கு அங்கே வேலையில்லை. புகைப்பட மாணவர்கள் செம்மைப்படுத்தல் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் படத்தின் வெளிச்சத்தையும் ஓரங்களையும் பற்றியே பேசுகிறார்கள். தன்னால் தொட முடியாத ஒரு பகுதியைப் படத்துக்குள் வேண்டுமென்றே வைத்துக்கொள்வதும் செம்மைப்படுத்தலின் ஒரு முறைதான்.

இதனால் அதிகாரம் முழுவதும் கைமாறிவிட்டது என்று சொன்னால் அது மிகை. எந்தக் கணத்தில் கமராவை அழுத்துவது, எடுத்தவற்றில் எதைப் பிரதியாக்குவது, எவரது பக்கத்துக்கு அடுத்து எவரது பக்கம் வருவது என்பவையெல்லாம் கோல்ட்பேர்க்கின் தீர்மானங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நூலின் தலைப்பு அவருடையது. தமது வாழ்க்கையைப் பற்றிப் பெருமையுடன் எழுதிய விடுதிவாசி ஒருவர், அட்டையிலுள்ள ஒரு சொல்லினால் 'ஏழை' ஆகிவிடுகிறார். செல்வந்தர்களும் தப்பவில்லை. மறுபக்கத்தில் இருப்பவரின் வறுமையுடன் சேர்த்து வாசிக்கப்படும் என்று தெரிந்திருந்தால், அவர்களில் சிலர் வேறு விதமாக எழுதியிருக்கக்கூடும்.

கோல்ட்பேர்க்கின் முறையில் யோசிப்பதற்கு அவகாசம் இருந்தது. படத்தைப் பார்த்து, பிறகு எழுதினார்கள். 1990களின் தொடக்கத்தில் லண்டனில், கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் படித்து வெளியேறியிருந்த இளம் கலைஞர் ஜில்லியன் வெயரிங் இந்த வரிசையைத் திருப்பிப்போட்டார். தெருவில் போகும் அந்நியர்களை நிறுத்தி, வெள்ளைத் தாளையும் பேனாவையும் கொடுத்து, மனதில் இருப்பதை எழுதச்சொன்னார். எழுதிய தாளைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது படம் எடுத்தார். 1992, 1993ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 600 பேரை இவ்வாறு படம்பிடித்தார். பிரித்தானியா பொருளாதார மந்தத்தில் இருந்த நேரம் அது. அப்படங்களில் மிகவும் பிரபலமானது கோட் சூட் அணிந்து இளநகையுடன் நிற்கும் இளைஞனுடையது. கையிலுள்ள தாளில் தான் நம்பிக்கையிழந்து தவிப்பதாக எழுதியிருக்கிறான். எழுதியதைக் கண்டு தானே அதிர்ந்து, தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கோபத்துடன் போய்விட்டான் என்று வெயரிங் பின்னர் கூறியிருக்கிறார்.

மற்றவர் உங்களைச் சொல்ல வைக்க விரும்புவதை அல்ல, நீங்கள் சொல்ல விரும்புவதைச் சொல்லும் தாள்கள் என்ற கருத்தில் அவர் அந்தத் தொடருக்கு மிகவும் நீளமான ஒரு தலைப்பைச் சூட்டினார். 1997இல் அவருக்கு டர்னர் பரிசு கிடைத்தது. அதற்குப் பின்னர் கார் விளம்பரம் ஒன்றில் மனிதர்கள் தாள்களைப் பிடித்தபடி தங்கள் மனதிலிருப்பதைக் காட்டினார்கள். வெயரிங் பகிரங்கமாக ஆட்சேபித்தார். விளம்பரத்தில் தாளைப் பிடித்திருந்தவர்கள் நடிகர்கள், வாசகத்தை எழுதியது விளம்பர நிறுவனம். 1937ஆம் ஆண்டின் கால்ட்வெல் முறை இவ்வாறு பின்வாசல் வழியாகத் திரும்பி வந்தது. பேனா கைமாறியதாகத் தோற்றம் காட்டுவது எவ்வளவு சுலபம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கோல்ட்பேர்க் தமது முறையைக் கைவிடவில்லை. 2003ஆம் ஆண்டு தொடக்கம் ஐரோப்பாவுக்குள் வந்த அகதிகளையும் குடிபெயர்ந்தோரையும் படம்பிடித்தபோது, பொலராய்ட் படங்களின் மீதே அவர்களைத் தத்தமது மொழிகளில் எழுத வைத்தார். அத்தொகுப்பு 2009இல் நூலாக வந்தது. படத்தைப் பார்க்கும் ஐரோப்பியரால் அவ்வெழுத்துகளில் பலவற்றை வாசிக்க முடியாது. மொழிபெயர்ப்பு வேண்டும். அதாவது மீண்டும் ஒருவர் இடையில் வந்துவிடுகிறார். ஆனால் இம்முறை வாசகரின் கண்ணுக்கு எதிரே மூல எழுத்து நிற்கிறது. அந்த மொழி தெரிந்தவர் எவரும் மொழிபெயர்ப்பைச் சரிபார்த்துக்கொள்ளலாம். 'செல்வந்தரும் ஏழைகளும்' 2014ஆம் ஆண்டு கூடுதல் படங்களுடன் மறுபதிப்புக் கண்டது.

முகமும் எழுத்தும் சேர்ந்த படங்களில் உலகத் தமிழர்கள் அதிகம் வாசிப்பது மரண அறிவித்தல்களாகத்தான் இருக்கும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன நாட்டை வதிவிடமாகவும் கொண்ட என்று தொடங்கும் அந்த வாசகத்தைப் பிள்ளைகளோ மருமக்களோ எழுதுகிறார்கள், அல்லது விளம்பரப் பகுதியில் இருப்பவர் பழைய அறிவித்தல் ஒன்றைப் பார்த்து நிரப்புகிறார். இறந்தவரைப் பற்றி அதிலிருந்து தெரிந்துகொள்ள முடிவதெல்லாம் அவர் யாருக்கு மகன், யாருக்கு மைத்துனர் என்பதுதான். அதற்காக அதைக் குறை சொல்லமாட்டேன். சிதறிப்போன குடும்பம் ஒன்று நான்கு நாடுகளிலிருந்து ஒரே கட்டத்துக்குள் வந்து சேரும் இடம் அது.

வேறொரு வகைப் படங்களும் எம்மிடம் இருக்கின்றன. 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும், பின்னர் முல்லைத்தீவிலும் திருகோணமலையிலும், வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் வீதியோரக் கொட்டகைகளில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அத்தாய்மார் நெஞ்சோடு அணைத்து நிற்கும் படங்களை உற்றுப்பார்த்தால் அவை எங்கிருந்து வந்தவை என்பது தெரியும். அடையாள அட்டைக்காக எடுத்த சிறு படம் பெருப்பிக்கப்பட்டு முகம் கலங்கியிருக்கும். திருமண அல்பத்திலிருந்து வெட்டியெடுத்த படத்தின் ஓரத்தில் வேறு யாருடையவோ தோள் எஞ்சியிருக்கும். கீழே பெயர், பிறந்த திகதி, காணாமல் ஆக்கப்பட்ட திகதி, இடம். 2009 மே மாதத்தில் வட்டுவாகலில் இராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டவர் என்றால் அதுவும் இருக்கும். வெளிநாட்டு இராஜதந்திரிகளும் ஊடகவியலாளர்களும் வாசிப்பதற்காக ஆங்கிலத்திலும் எழுதியிருப்பார்கள்.

இந்த நாட்டில் புகைப்படம் பயிலும் மாணவர் எவரேனும் அந்தத் தாய்மாரைப் படம்பிடிக்கச் சென்றால், பிரதியின் ஓரத்தில் எழுதுவதற்கு அவர்களிடம் நிறையவே இருக்கும். அவர்கள் கையில் வைத்திருக்கும் படத்தின் ஓரத்தில் எழுதவேண்டியவரைத்தான் அவர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். போராட்டம் தொடங்கிய பின்னர் அத்தாய், தந்தையரில் பலர் இறந்துவிட்டார்கள். அவர்களது படங்களும் பெயரும் திகதியும் எழுதப்பட்டு அதே கொட்டகைகளில் மாட்டப்பட்டிருக்கின்றன.